மூன்று கெபாசிட்டர்களின் வயது

அத்தியாயம் 11

ஜூன் 12, வியாழக்கிழமை

நேற்றைய பக்கத்தில் ஒரு தப்பு எழுதிவிட்டேன். 'ஐந்தும் போய்விட்டன' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். ஐந்து இல்லை, இரண்டுதான். அந்த வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு 'தவறு' என்று மட்டும் எழுதிவைத்தேன்.

சின்னத் தப்புதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனதில் இன்றைக்கு வேறொன்று தெரியவந்தது. அவசரப்பட்டு எழுதினால் எனக்குக் குழம்பிவிடும். காலையிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

அதற்கு முன் செவ்வாய்க்கிழமையை ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அன்று மத்தியானம் கரண்ட் போனதில் கடையின் கம்ப்யூட்டர் நின்றது. ராயபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் சரக்கு இறக்கி முதுகு போனபின், அப்பா அங்கே படகுகளுக்கும் ஆட்டோக்களுக்கும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிறார். கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்தால், பக்கத்தில் இருக்கும் மிஷின் அதை ஸ்டிக்கர் தாளில் கத்தியால் கீறித் தரும். மிஷின் பழசு. அதன் ஒயர் இந்தப் பழைய கம்ப்யூட்டரின் முதுகில்தான் பொருந்தும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்த மாதிரி வாயே கிடையாது.

அப்பா எட்டு மாதமாக அதை அணைத்ததில்லை. அணைத்தால் திரும்ப எழுந்திருக்காது என்ற பயம். செவ்வாய் அன்று யு.பி.எஸ். பேட்டரி கைவிட்டது. அதிலிருந்து பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடி இரண்டு சுற்று சுற்றும், நிற்கும். மறுபடி சுற்றும், நிற்கும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது பென்னி அண்ணன். அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. அவன் வெட்டிக் கொடுத்த ஒரு படகின் பதிவு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போக, கடலில் சோதனை செய்தவர்கள் அந்தப் படகை இரண்டு நாள் நிறுத்திவைத்தார்கள். படகுக்காரர் காசிமேட்டில் நின்று கத்தினார். அப்பா பத்துப் பேர் பார்க்க அண்ணனை அறைந்து, 'இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காத' என்றார். அண்ணன் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை.

நேற்று அப்பாவிடம் கெஞ்சிக் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தேன். ஜனவரியிலிருந்து திருவொற்றியூரில் மாலை வகுப்புக்குப் போகிறேன், கம்ப்யூட்டர் ரிப்பேர். இத்தனை நாளில் கற்றதை வீட்டில் முதல்முறையாகப் பயன்படுத்தினேன்.

உள்ளே போர்டில், பிராசசருக்குப் பக்கத்தில், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ஐந்து கெபாசிட்டர்கள் நிற்கின்றன. சுண்டுவிரல் நுனி அளவு டப்பிகள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. கெட்டுப்போனால் பூரி மாதிரி உப்பிவரும். சிலது தலை உப்பாமல் அடியில் கசியும். ஐந்தில் இரண்டு பச்சை நிறம், தலை நன்றாக உப்பியிருந்தது. மூன்று கறுப்பு, தலை தட்டை. ஆனால் காலடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. கசிவு என்று முடிவு செய்து, ஐந்தும் போய்விட்டன என்று எழுதினேன். ஏன் இரண்டு மட்டும் பச்சை, மூன்று கறுப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிறத்தைக் குறித்துவைத்தேன், கேள்வி கேட்கவில்லை. நான் எப்போதும் இப்படித்தான்.

இனி இன்றைக்கு.

*

காலை ஏழரைக்கு அப்பாவு மாமா வந்தார். அவருடைய விசைப்படகுக்குத்தான் எண்ணும் பெயரும் வெட்ட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. எண் ஒட்டாமல் படகு வெளியே போக முடியாது.

'இன்னா தாமசு, மூணு நாளா மிஷினுக்கு ஜெபம் பண்ணிகினு கீறியா?' என்று வாசலிலேயே கேட்டார்.

'உள்ள வா. டீ சொல்றேன்' என்றார் அப்பா.

'டீ குட்சி குட்சி வயிறு ரொம்பிப் போச்சு. போட்டு ஒண்ணுதான் மொட்டையா நிக்கிது. பெயிண்டர் ஒருத்தன் கீறான், கைலயே எழுதிட்டுப் போறேன்றான்.'

'கைல எழுதினா இருட்டுல டார்ச்சு அடிச்சா தெரியாது. ரேடியம்தான் மின்னும்.'

'மின்னட்டும்பா, நான் வாணாம்னா சொன்னேன்? ஆனா போன தபா மாதிரி நம்பருல எதுனா...' என்று தொடங்கியவர், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காதைச் சொறிந்தார். 'அத்த வுடு. எப்ப தருவ?'

அப்பா திறந்து கிடந்த கேபினட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

'நாளைக்கு சாயந்திரம் ஆறு மணி. எம் பொண்ணு அதுக்குள்ள மிஷின ஓட வெச்சிரும். வெக்கலேன்னா, நானே உன்ன திருவொற்றியூர் கடைக்கு இட்டுகினு போயி வெட்டி வாங்கித் தரேன்.'

'ரூத்தா? அது டைரி எழுதற பொண்ணாச்சே' என்று சிரித்தார் அப்பாவு மாமா.

'எழுதறவதான் சரியா பாப்பா' என்றார் அப்பா.

அவர் என்னைப் பற்றி வெளியாளிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தெருமுனை வரை செருப்பு இடம்வலம் மாறியிருந்ததுகூடத் தெரியாமல் நடந்தேன்.

*

பகலில் எனக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வரும் லாரிகளின் எண்ணைப் பதிவது. பத்தே முக்காலுக்கு ஃபர்ஹான் போன் செய்தான். வகுப்பில் என் பக்கத்து மேஜை. பகலில் மண்ணடியில் அவன் மாமா நடத்தும் ரிப்பேர் கடையில் இருக்கிறான். நேற்று எடுத்த போட்டோவைக் காலையில் அவனுக்கு அனுப்பியிருந்தேன்.

'ரூத்து, அந்தக் கறுப்பு மூணும் லீக்கு இல்லபா. அது பேஸ்ட்டு.'

'இன்னா பேஸ்ட்டு?'

'பல்லு வெளக்கறது இல்ல. ஈயம் புடிக்கறதுக்குத் தடவுவோமே, அது. கம்பெனில இவ்ளோ கலீஜா வுடுவானா? கைல மாத்திகீறாங்கோ. உங்க நைனா செஞ்சாரா?'

'அவரு சால்டரிங் அயர்ன தொட்டதே இல்ல.'

'அப்ப உங்க வூட்ல பேயி கீது. வேல தெரிஞ்ச பேயி. மூணும் எவ்ளோ நேரா உக்காந்துகீது பாரு. நாம வெச்சா கட்டிங் போட்டவன் மாதிரி சாயும்.'

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'எப்டி உறுதியா தெரிஞ்சிக்கறது?' என்றேன்.

'பஞ்சுல ஸ்பிரிட்டு நனைச்சி தொடை. பேஸ்ட்டா இருந்தா வந்துடும். லீக்கா இருந்தா கீழ போர்டே அரிச்சிருக்கும். அப்பறம் டப்பி சைடுல நாலு நம்பர் கீது, போட்டோல சரியா தெரியல. மொதல் ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு வாரம். அது எப்ப பொறந்துச்சின்னு அதுவே சொல்லும்.'

போனை வைத்தபின் நான்கு லாரிகளின் எண்ணைப் பதிந்தேன். ஒன்றைத் தப்பாகப் பதிந்து திருத்தினேன். பன்னிரண்டு மணிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

*

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை முடித்து வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா காசிமேட்டில்.

'இன்னா சீக்கிரம் வந்துட்ட? தலவலியா?' என்றாள்.

'ஒண்ணுல்லமா' என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனேன்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, முதல் கறுப்பு டப்பியின் காலடியில் துடைத்தேன். பஞ்சு தேன் நிறமானது. கீழே போர்டு பளபளவென்று இருந்தது, அரிப்பு எதுவும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

பிறகு டார்ச் அடித்துப் பக்கவாட்டில் படித்தேன். 2409. மூன்றிலும் அதே எண். பச்சை இரண்டிலும் 0631.

பச்சை டப்பிகள் 2006இல் பிறந்தவை, போர்டோடு வந்தவை. கறுப்பு மூன்றும் 2024ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம். காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், பிப்ரவரி கடைசி. செய்த இடத்திலிருந்து கடைக்கு வர இன்னும் சில மாதம். ஆக, போன வருஷம் நடுவில் எப்போதோ ஒருவர் இந்தக் கேபினட்டைத் திறந்து, இந்த மூன்றையும் மாற்றியிருக்கிறார்.

அப்பா கேபினட் மேல் இருக்கிற தூசியைக்கூடத் துடைக்க விடாதவர். ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால் எனக்குத் தெரியும். நான் வேறு பதில் தேடினேன், நிஜமாகவே தேடினேன். ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதி அடித்தேன். ஒரே ஒரு பெயர் அடிபடாமல் மிஞ்சியது.

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

'அம்மா, அண்ணன் எப்ப வந்தான்?'

அம்மாவின் கை நிற்கவில்லை. 'எந்த அண்ணன்?'

'எனக்கு எத்தினி அண்ணன் கீறான்?'

இன்னும் மூன்று நெத்திலிக்குத் தலை கிள்ளினாள். அதன்பின் கையைத் தண்ணீரில் அலசினாள், முந்தானையில் துடைத்தாள், முகத்தையும் துடைத்தாள்.

'யாரு சொன்னா?'

'மிஷின் சொல்லிச்சு.'

'மிஷினா?' என்று என்னைப் பார்த்தாள். நான் பஞ்சைக் காட்டினேன். அவளுக்கு அது புரியவில்லை. ஆனால் நான் விடமாட்டேன் என்பது புரிந்தது.

'உங்கப்பாக்கு கண்ணு ஆப்ரேசன் பண்ணோமே, அப்ப' என்றாள். 'ரெண்டு நாள் ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தாரே. வேளாங்கண்ணி மாதாக்குக் கொடியேத்தறதுக்கு ஒரு வாரம் முந்தி. நான் சோறு எடுத்துகினு போவ வந்தேன். வந்து பாத்தா வாசப்படில குந்திகினு கீறான்.'

'எத்தினி மணிக்கு?'

'ரெண்டரை மூணு இருக்கும். எளச்சிப் போயிருந்தான். உள்ள வாடான்னா, அவரு இல்லல்லன்னு ரெண்டு தபா கேட்டுட்டுத்தான் வந்தான். துன்னான். அப்பறம் அத்தத் தொறந்து வெச்சிகினு வேல பண்ணான்.'

'எப்ப போனான்?'

'அஞ்சரை.'

அப்போது நான் பழைய வேலையில் இருந்தேன். ஆறு மணிக்கு வீடு வந்துவிடுவேன்.

என் பெட்டியிலிருந்து போன வருஷத்து நோட்டை எடுத்தேன். ஆகஸ்ட் 22, வியாழன். என் எழுத்துதான். 'ஆறு மணிக்கு வந்தேன். அப்பாவுக்குக் கட்டு நாளை பிரிப்பார்கள். வீட்டுக்குள் ஏதோ கருகிய வாசனை. கேட்டால் கருவாடு தீய்ந்துவிட்டது என்கிறாள் அம்மா. சாப்பாட்டில் கருவாடு இல்லை. மறந்திருப்பாள்.'

அந்த வாசனை எது என்று இப்போது எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஈயம் உருகும்போது பேஸ்ட் எழுப்பும் புகை. அன்று தெரியவில்லை. அரை மணி நேரம் முன்பு வரை அவன் உட்கார்ந்திருந்த அறையில் நின்று மூக்கைச் சுளித்திருக்கிறேன். ஒருவேளை தெருமுனையில் எதிரெதிரே கடந்தும் இருப்போம். பஸ்ஸைவிட்டு இறங்கினால் நான் தரையைப் பார்த்துத்தான் நடப்பேன்.

'என்னப் பத்திக் கேட்டானா?' என்றேன்.

அம்மா லேசாகச் சிரித்தாள். 'அதான் மொதல்ல. ரூத்து இன்னும் டைரி எழுதுதான்னு கேட்டான். எழுதுதுன்னேன். அப்ப நான் வந்தத அதுங்கைல சொல்லாத, எழுதி வெச்சிடும், நைனா பாத்துடுவாருன்னான்.'

நான் நோட்டை மூடினேன்.

*

நோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு, முறைப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

'மூணு மட்டும் ஏம்மா மாத்தினான்? ஒண்ணு போனாலே வரிசையில எல்லாத்தையும் மாத்தணும். எங்க வகுப்புல ரெண்ட வுட்டா ஃபெயில். அவனுக்கு அது தெரியாதா? பார்ட் பத்தலியா?'

'பத்தலியா?' என்றாள் அம்மா. 'அஞ்சு வாங்கியாந்தான். நான் எண்ணினேன். மூணு வெச்சான். ரெண்ட திரும்ப பாக்கெட்ல போட்டுகினான். இன்னாடா மீதின்னேன். இது கொஞ்ச நாளு தாங்கும்மா, நின்னுதுன்னா எனக்கு போன் போடு, வந்து இதையும் வெச்சித் தரேன்னான்.'

நான் கேபினட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உப்பிய பச்சைத் தலைகள் இரண்டும் இங்கிருந்தே தெரிந்தன.

'போன் நம்பர் குடுத்தானா?'

அம்மா தன் போனை எடுத்துக் காட்டினாள். 'கேஸ் சிலிண்டர்' என்று பதிந்திருந்தது. அப்பா சில சமயம் அவள் போனை எடுப்பார்.

'எங்க கீறான்?'

'ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஏதோ கம்பெனியாம்.'

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நான் துபாய், மும்பை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'நீ பேசறியா அவன்கிட்ட?'

'இல்ல. வேற எதுக்கும் போடாதம்மான்னான். உன் குரல கேட்டா அப்டியே ஓடியாந்துடுவேன், அப்பறம் அவரு மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னான். நான் ரெண்டு தபா போட்டு, அவன் அலோன்னதும் வெச்சிட்டேன்.'

'செவ்வாக்கிழமையே மிஷின் நின்னுடுச்சே. ஏன் போடல?'

அம்மா திரும்ப நெத்திலிப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள். 'உங்கப்பா தடக்காலம் பூரா வூட்லயே கீறாரு. வந்து நின்னா மறுபடி கைய ஓங்கிட்டாருன்னா?'

'இன்னிக்கு இல்லியே. இப்ப போடலாமே.'

'போடலாம்' என்றாள். ஒரு மீனை எடுத்தாள், தலையைக் கிள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள். 'போட்டு, வரலேன்னா?'

நான் நிலைப்படியில் உட்கார்ந்தேன்.

'இத்தினி நாளா, எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு பாத்துகினே கெடந்தேன் ரூத்து. காத்தாடி சத்தம் கொஞ்சம் மாறினாலே நெஞ்சு அட்சிக்கும். நின்னப்பறம் கை வரல.' அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'நாளைக்கு நீ அந்த ரெண்ட மாத்திட்டினா, ஓடுமா?'

'ஓடும்.'

'நல்லா ஓடுமா? ரொம்ப நாளைக்கு?'

'ஓடும்மா.'

'அப்ப அவன் எதுக்கு வருவான்?'

*

ஐந்தரைக்கு வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை.

இன்றைக்கு நேர்முறைத் தேர்வு. ஒரு செத்த போர்டில் உப்பிய கெபாசிட்டர் ஒன்றைக் கழற்றி, புதிதாக ஒன்றை வைக்க வேண்டும். இதற்கு முன் மூன்று முறை நான் இதில் தவறியிருக்கிறேன். ஒருமுறை சூடு அதிகமாகித் துளையைச் சுற்றி இருக்கும் செம்பு வளையமே பெயர்ந்துவந்தது. ஒருமுறை மைனஸ் காலைக் காட்டும் பட்டைக் கோட்டை மாற்றி வைத்துவிட்டேன். ஒருமுறை என் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

இன்று, அண்ணன் எப்படிச் செய்திருப்பான் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். துளைக்குப் புது ஈயம் கொடுத்து, பழசை இளக்கி, இழுக்காமல் சாய்த்துச் சாய்த்து எடுத்தேன். துளையைச் சுத்தம் செய்தேன். பட்டைக் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்தேன். வைத்தேன். மூன்று நொடி சூடு. எடுத்துவிட்டேன்.

காலித் சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளின் போர்டை எடுத்துக்கொண்டார்.

'சாரு வாயே தொறக்கல' என்று ஃபர்ஹான் காதருகில் கிசுகிசுத்தான். 'உனக்கு பாஸு. என்னுத பாத்து, இத பானிபூரி கடைல குடுன்னாரு.'

வெளியே வந்ததும் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். உள்ளே இரண்டு கெபாசிட்டர். என் போர்டுக்கு வேண்டிய அதே அளவு.

'மாமு கடைல இருந்து. கேட்டுத்தான் எடுத்தேன், மொறைக்காத. இத வெச்சா உங்க மிஷினு அஞ்சு வருஷத்துக்குப் பேஜாரு பண்ணாது. அது சரி, அந்தப் பேயி யாருன்னு தெரிஞ்சுதா?'

'தெரிஞ்சுது.'

'பயமா கீதா?'

'இல்ல' என்றேன். 'வந்தா நல்லாருக்கும்.'

அவன் பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றான்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டு மணி.

அப்பா கடை மேஜையைக் காலி செய்து, மேலே பேப்பர் விரித்து, கேபினட்டைப் படுக்கவைத்திருந்தார். பக்கத்தில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்று. அது அண்ணனுடையது. பரண்மேல் அவன் சாமான்களோடு கட்டிப்போட்டிருந்தது. அப்பா ஏணி வைத்து ஏறி அதைத் தேடி எடுத்திருக்கிறார். முதுகு வலியோடு.

'வா' என்றார். 'வெளிச்சம் பத்தாதுன்னு டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுகீறேன். நீ வேலையப் பாரு, நான் புடிக்கறேன்.'

என் பைக்குள் பொட்டலம் இருந்தது. வேலை கால் மணி நேரம். எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

'எனக்குத் தெரியாதுப்பா' என்றேன்.

'இன்னா தெரியாது?'

'இத சரிபண்ண.'

'நேத்து தெரியும்னியே.'

'நேத்து தப்பா சொல்லிட்டேன்.'

அப்பாவின் கையிலிருந்த டார்ச் வெளிச்சம் போர்டின் மேல் அசைந்தது. அந்த ஐந்தின் மேலும் விழுந்து நகர்ந்தது. 'அஞ்சு மாசமா போற. இன்னாதான் சொல்லிக் குடுக்கறானுங்கோ அங்க?'

காலையில் அவர் அப்பாவு மாமாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. இதே அறையில்தான் சொன்னார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. அவர் அதைத் தோல்வியால் வந்த அழுகை என்று நினைத்திருப்பார்.

'சரி வுடு' என்றார், குரலைத் தணித்து. 'பொம்பளப் புள்ள, கரண்டு வேல. நான்தான் வாய வுட்டேன்.' போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். 'அப்ப இது யாருக்குத்தான் தெரியும்?'

'இத பூட்டினவனுக்கு.'

சொல்லிவிட்டேன். பெயர் இல்லை என்றாலும் சொன்ன மாதிரிதான். அம்மா நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அப்பா டார்ச்சை அணைத்தார். தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள், அந்தச் சத்தம் தெருமுனை வரை போய் ஓய்ந்தது. அவர் சால்டரிங் அயர்னை எடுத்து, அதன் ஒயரைச் சுருட்டினார். நிதானமாக, முடிச்சு விழாமல் சுருட்டினார். பரணுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. கேபினட்டுக்குப் பக்கத்தில், மேஜைமேலேயே வைத்தார்.

'ரோசி' என்று அம்மாவைக் கூப்பிட்டார். 'நாளைக்கு நாள் பூரா அப்பாவு போட்டுலதான் இருப்பேன். பெயிண்டு காயணும். ஆறு மணிக்குத்தான் வருவேன்.'

'சோறு?' என்றாள் அம்மா.

'அங்கயே துன்னுக்கறேன். யாரும் எடுத்துகினு வர வாணாம்.'

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

அப்பாவு மாமா படகுக்குத் திங்கட்கிழமையே பெயிண்ட் காய்ந்துவிட்டது. அப்பாதான் வந்து சொன்னார், திங்கட்கிழமைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத வேண்டாம்.

இன்று நான் சொன்னது பொய். தெரிந்த வேலையைத் தெரியாது என்று சொன்னேன். அதையும் இங்கே குறிக்கிறேன்.

அம்மாவிடம் போனைக் கேட்டேன். கொடுத்துவிட்டாள். பேச மாட்டேன், நீயே பேசு என்றாள்.

நாளை காலை ஏழரை மணிக்கு, அப்பா கிளம்பியதும், அந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மிஷின் நின்றுவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும்.